இடது கால் செய்த குற்றம்

எங்கள் காரின் கியர்பாக்ஸில் எண்ணெய் ஒழுகியதற்குக் காரணம் என்னுடைய இடது கால் என்று மூன்று ஆண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். தீர்ப்புச் சொன்ன அன்று அவர் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்த கப்பலில் இருந்தார். இன்னொருவர் அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார்; நான் அத்தான் என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் ஐஸ் கம்பெனி வேன் ஓட்டியவர். அந்த ஒரு காலத்தை வைத்துக்கொண்டு இன்றுவரை தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் வண்டி ஓட்டப் பாடம் எடுப்பார். மூன்றாமவர் மெக்கானிக். வண்டிதான் இப்போது நன்றாக ஓடுகிறதே, இனி எதற்கு அந்தப் பேச்சு என்கிறார்கள். அவர்களுக்கு முடிந்துவிட்டது. எனக்கு நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். வீடு தூத்துக்குடியில். பள்ளிக்கூடம் சாத்தான்குளத்துக்கும் அப்பால், தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற இடத்தில். மாறுதலாகிப் போன முதல் வருஷம் பஸ்ஸில் போனேன். விடியுமுன் வீட்டை விட்டு, இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரோடு பத்தாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு போனால், காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் நேரத்தில் வாசலில் நிற்பேன். தலைமை ஆசிரியர் ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு இரண்டு வார்த்தை திட்டியே இருக்கலாம்.

நாற்பது வயதில் ஓட்டப் பழகினேன். வீட்டுக்காரர் அந்த லீவில் வந்தபோது ஒரு சின்ன வெள்ளைக் கார், பழையதுதான், வாங்கித் தந்தார். அவர் கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர். ஏழு மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். வண்டி அவர் பெயரில் இருந்தாலும் ஓட்டியது நான்தான். ஆழ்வார்திருநகரி, நாசரேத் வழியாகப் போனால் ஒன்றேகால் மணி நேரத்தில் பள்ளிக்கூடம். காலையில் நின்று நிதானமாக ஒரு காப்பி குடிக்கவும், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பவும் அந்த வண்டி வந்த பிறகுதான் எனக்கு வாய்த்தது. எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டிய முதல் பெண் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற கூத்துக்கெல்லாம் அதுதான் அடி.

அவர் லீவு முடிந்து கப்பல் ஏறிய இரண்டாவது வாரம், பள்ளிக்கூடத்து வேலியோரம் உடைமர நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். மத்தியானம் எட்டாம் வகுப்புப் பெண்கள் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். “டீச்சர், ஒங்க வண்டி ஒண்ணுக்கு இருந்துட்டு!” போய்ப் பார்த்தேன். மணலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தேன். கெட்டுப்போன முட்டை வாடை. இன்ஜின் எண்ணெய்க்கு அந்த வாடை கிடையாது. கியர் எண்ணெயில்தான் கந்தகம் சேர்ப்பார்கள். அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது மூத்தார், “எண்ணெயில என்ன அந்த எண்ணெ இந்த எண்ணெ? கார்ல ஒழுகுனா எல்லாம் இன்ஜின் ஆயிலுதான்” என்றார். முகர்ந்தது நான், தெரிந்தது அவருக்கு.

மெக்கானிக் பைபாஸ் ரோட்டில் ஷெட் போட்டிருக்கிற அண்ணாச்சி. ஐம்பது வயதிருக்கும், உடன்குடிப் பக்கத்து ஆள், கைசுத்தமானவர் என்று பெயர். வண்டியை ஏற்றி நிறுத்தி அடியில் பார்த்துவிட்டு, “கியர் ஆயில்தான் டீச்சரம்மா” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. சக்கரத்தைச் சுற்றுகிற தண்டு கியர்பாக்ஸை விட்டு வெளியே வருகிற இடத்தில், எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆயில் சீல் என்பார்கள். இடது பக்கத்து சீல் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டார். எண்ணெய் ஊற்றி, பீச் ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிறுத்தினேன். அதே மணல், அதே கருப்பு.

இரண்டாம் தடவை வண்டியை மூன்று நாள் வைத்துக்கொண்டார். கியர்பாக்ஸையே கீழே இறக்கி, இரண்டு பக்கத்து சீலையும், கிளட்ச் பக்கம் இருக்கிற சீலையும் சேர்த்து மாற்றினார். இந்தத் தடவை வண்டியை எடுத்துவரப் போனவர் மூத்தார். எடுத்தவர் எனக்குத் தரவில்லை. “நான் நாலு நாளு ஓட்டிப் பாத்துத் தாரேன்” என்று வைத்துக்கொண்டார். கோயில் தெருவில் இருந்து மீன் மார்க்கெட், மார்க்கெட்டில் இருந்து துறைமுக ரவுண்டானா, அங்கிருந்து வீடு. தினமும் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தரையைக் காட்டி எல்லோரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். தரை காய்ந்து கிடந்தது. ஐந்தாம் நாள் நான் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மணல் கருத்தது.

இனி என்ன சாட்சி வேண்டும்? இரண்டு ஆண்கள் ஓட்டினால் ஒழுகவில்லை. ஒரு பெண் ஓட்டினால் ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து மூத்தார் வீட்டில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். “கிளட்சுல கால வச்சிக்கிட்டே ஓட்டுதா. வண்டி சூடாவுது. சூடானா சீலு தாங்குமா?” நான் காலை வைப்பதே இல்லை என்றேன். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விடாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, “அண்ணாச்சி, கிளட்சுல கால வச்சே ஓட்டுனா ஆயில் சீல் போவுமா, போவாதா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் ஓர் இருமல். பிறகு, “போவத்தான் செய்யும்... லேடீஸ் நெறைய பேரு அப்பிடித்தான் ஓட்டுதாங்க” என்று பதில் வந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டால் வேறு என்ன வரும்? வகுப்பில் ஒரு பையன் இப்படி ஒரு சோதனை செய்து முடிவு எழுதினால் நான் சுழி போட்டிருப்பேன்.

“இன்னொரு வாட்டி ஒழுகுனா சாவிய எங்கிட்ட குடுத்துரணும். தம்பி வார வரைக்கும் வண்டி இங்கன நிக்கட்டும்” என்றார் மூத்தார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பி வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. ஆறு மாதம் என்றால் மறுபடி அந்த இருட்டு பஸ், அந்த ஆட்டோ, அந்தக் கடிகாரப் பார்வை.

அன்றிரவே கப்பலில் இருந்து போன் வந்தது. “ஏளா, கிளட்சுல கால வைக்காதன்னு எத்தன வாட்டி சொல்லிருக்கேன்?” என்றுதான் ஆரம்பித்தார். நல்லா இருக்கியா என்ற கேள்விகூட அதற்குப் பிறகுதான்.

“நீங்க பாக்காமலே எப்பிடிச் சொல்லுதிய?” என்றேன்.

“அண்ணன் பாத்தாருல்லா. கோவப்படாத. வண்டிய அவருட்ட குடுத்துரு. டிசம்பர்ல வந்து நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் கெட்டவர் இல்லை. நான் ஓட்டப் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள்கூடச் சத்தம் போட்டதில்லை. அதனால்தான் அந்த வார்த்தை அதிகமாகச் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தவரே, பார்க்காத அண்ணன் சொன்னதை நம்பினார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். நான் என் காலைக் காவல் காக்க ஆரம்பித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். கியர் மாற்றியதும் இடது காலை வெடுக்கென்று இழுத்து சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டேன். நாசரேத் வருவதற்குள் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஒழுகியது. காலை இன்னும் உள்ளே இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் கருப்பு ஈரத்தின் மேல் மணலைத் தள்ளி மூடினேன். வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, காலையில் மூத்தார் நடக்கப் போகும் முன் சுருட்டி எடுத்தேன். திருடி தடயத்தை அழிப்பதைப் போல, என் வீட்டு வாசலில், என் வண்டிக்கு அடியில் குனிந்து நின்றேன். நாம் குனிந்தால் குட்டுகிறவர்களுக்கு வசதி. இங்கே குட்ட ஆள் இல்லாத நேரத்திலும் நான் குனிந்தேன்.

ஆனால் எண்ணெய் குறைந்தால் கியர்பாக்ஸ் சும்மா இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது ஆழ்வார்திருநகரி தாண்டுவதற்குள் மூன்றாவது கியரில் ஒரு முனகல். பிறகு இரண்டாவது கியர் விழ மறுத்தது. கம்பியை இரண்டு கையாலும் தள்ளினேன். பின்னால் ஒரு வாழைத்தார் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எப்படியோ ஓரங்கட்டினேன். இன்னும் ஒரு வாரம் இப்படி ஓட்டினால் உள்ளே பல்சக்கரம் எல்லாம் தேய்ந்து வண்டி நின்றுவிடும். சாவியைக் கேட்க மூத்தார் வரவேண்டிய அவசியமே இருக்காது. அங்கே உட்கார்ந்துதான் எனக்கு முதல் முறையாகச் சரியான கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் அழுகைதான். கோபம் என்று நான்தான் பெயர் வைத்திருந்தேன்.

உருட்டிக்கொண்டு நேரே மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். அவர் எண்ணெய் ஊற்றி நிரப்பிவிட்டு, பழைய பாட்டையே மெதுவாகப் பாடினார். “கால மட்டும் கொஞ்சம் பாத்துக்கிட்டியன்னா...”

“அண்ணாச்சி,” என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு. ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் நின்றது. “நாளைக்கு எனக்கு லீவு. பள்ளிக்கூடம் வரைக்கும் நீங்க ஓட்டுங்க. நான் பின் சீட்டுல உக்காந்து வாரேன். ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வச்சிக்கிடுதேன். ஒழுகலன்னா சாவிய நானே கொண்டுபோய் எங்க அத்தான் கையில குடுத்துருதேன். ஒழுகிச்சின்னா?”

அவர் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் காலையில் வந்துவிட்டார். அதற்காக அவருக்கு நான் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

சொன்னபடியே போனோம். அவர் ஓட்ட, நான் பின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது லைசென்ஸ் கேட்கிற போலீஸ்காரரைப் போல முறைத்துக்கொண்டிருந்தேன் என்று அவர் பிறகு சொன்னார். வழியெல்லாம் அவருடைய இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். கிளட்ச் மேல்தான் பாதி நேரம் இருந்தது அது! சொல்லவில்லை. குறித்து வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அதே உடைமரத்தடியில் நிறுத்தினார். இரண்டு பேரும் இறங்கிக் குத்தவைத்துப் பார்த்தோம். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பிறகு ஒரு சொட்டு தண்டின் ஓரத்தில் திரண்டு, நீண்டு, மணலில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. என் வாழ்க்கையில் ஒரு பொருள் வீணாவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவர் சாக்கை விரித்து அடியில் படுத்தார். எண்ணெய் ஊற்றுகிற துளையின் திருகு மூடியை ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் தளர்த்தினார். ‘புஸ்’ என்று ஒரு சீறல். குக்கர் வெயிட்டைத் தூக்கியது போல. சூடான எண்ணெய் அவர் சட்டைத் தோளில் தெறித்தது. “அய்யய்ய!” என்று உருண்டு வெளியே வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல், “உள்ள காத்து அடஞ்சி கெடக்கு டீச்சரம்மா” என்றார்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மேலிருந்து டார்ச் அடித்து கியர்பாக்ஸின் தலையைத் துணியால் துடைத்தார். அங்கே சுண்டு விரல் நுழையாத ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். உள்ளே இருக்கிற எண்ணெய் சூடானால் காற்று விரியும். அந்தக் காற்று வெளியே போக ஒரு மூக்கு. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். தொப்பி இல்லை. குழாயும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டி. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் கருப்பும் வெள்ளையுமாக இரண்டு பசையைப் பிசைந்து அப்புவோமே, அந்தப் பசை. கல்லாக இறுகியிருந்தது. புழுதி படிந்து இரும்போடு இரும்பாகத் தெரிந்தது. அதன் நடுவில், அழுத்திவிட்ட ஒரு பெருவிரல் ரேகை தெளிவாக இருந்தது.

மூக்கைப் பொத்திவிட்டால் மூச்சு வேறு எங்கே போகும்? சீலைத் தள்ளிக்கொண்டு வந்தது. பீச் ரோடு வரைக்கும் ஓட்டினால் எண்ணெய் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும், ஒழுகாது. ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினால் ஒழுகும். அவ்வளவு தூரம் ஓட்டியது நான் ஒருத்திதான். அதனால் எனக்கு மட்டும்தான் ஒழுகியது.

“கியர்பாக்ஸையே கீழ எறக்கி வச்சிப் பாத்திய அண்ணாச்சி. இது கண்ணுல படலயா?” என்றேன்.

அவர் கட்டியை ஸ்குரூடிரைவரால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “மொதல்ல தேடத்தான் செஞ்சேன். ஒங்க காலுதான்னு பேச்சு வந்தப்பொறவு தேடல டீச்சரம்மா. ஆளு கெடச்சிட்டுல்லா.”

அந்த மனிதரை மன்னிக்க எனக்கு மனம் வந்தது அந்த ஒரு வார்த்தையால்தான். இதுவரை வேறு யாரும் அந்த அளவுகூட ஒப்புக்கொள்ளவில்லை. அவர் குழாயைச் சுத்தம் செய்து, தண்ணீர் இறங்காமல் இருக்க வாய் கீழ்நோக்கி வளைந்த ஒரு ரப்பர் துண்டைச் செருகினார். எண்ணெயை நிரப்பினார். சீல் ஒன்றைக்கூட மாற்றவில்லை. சாவியை என்னிடம் நீட்டி, “நீங்களே ஓட்டுங்க” என்றுவிட்டு முன் சீட்டில் ஏறினார். தூத்துக்குடி வந்து நிறுத்தியபோது அடியில் ஒன்றும் இல்லை.

ஆனால் வழியெல்லாம் என் மனம் என்னையே குத்திக்கொண்டு வந்தது. சூடானால் காற்று விரியும். இதை எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாட்டிலும் பலூனும் வைத்து நடத்துகிறவள் நான். யார் சொன்னாலும் சோதிக்காமல் நம்பாதே என்று பிள்ளைகள் காது புளிக்கச் சொல்கிறவள். அப்படிப்பட்டவள் இரண்டு மாதம் என் காலை நானே சந்தேகப்பட்டு மடக்கி வைத்தேன். மற்றவர்கள் என்னைச் சொன்னது அநியாயம். நான் என்னைச் சொன்னது அதைவிடப் பெரிய அநியாயம். அன்றைக்கும் கியர் மாற்றியதும் கால் தானாக உள்ளே ஓடியது. அதட்டி வெளியே இழுத்து வைத்தேன்.

கட்டியைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இது யார் விரல் என்று மட்டும் கேட்டேன். கப்பலுக்கு சிக்னல் கிடைக்க இரண்டு நாள் ஆனது. குரலாகப் பதில் வந்தது. சிரிப்போடு. “அட, அதா! வண்டி களுவுனப்போ பாத்தேன்ளா. மூடி ஒடஞ்சி ஓட்டை தெறந்து கெடந்துச்சு. மழையில தண்ணி எறங்கிருமேன்னு லேசா கலப்பத்து பாத்துவிட்டேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

கலப்பத்து என்பது தோணி கட்டுகிறவர்கள் வார்த்தை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே குங்கிலியம் பூசி, தண்ணீர் வராமல் செய்வது. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஆட்களுக்கு ஓட்டை என்றால் ஒரே அர்த்தம்தான்: உயிர் போகிற வழி. பார்த்த உடனே கை தானாகப் போய் அடைத்துவிடும். அதிலும் இவர் போசன். கப்பலில் எண்ணெய் ஏற்றுவதற்கு முன்னால் தளத்தில் தண்ணீர் வடிகிற துளைகளை எல்லாம் ஒன்று விடாமல் அடைத்துவிட்டு வந்து சொல்ல வேண்டியது அவர் வேலை. ஒரு பொட்டு எண்ணெய் கடலில் விழக்கூடாது. இத்தனை வருஷம் அப்படி அடைத்து அடைத்துப் பழகியவருக்கு, மூச்சு விடுவதற்கென்றே ஓர் ஓட்டை இருக்கும் என்று தோன்றவில்லை. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானும் அந்தக் கரையில் பிறந்தவள்தான். நான் பார்த்திருந்தால் நானே அடைத்திருப்பேன்.

நான் கேட்டது வேறு. “இத ஃபேமிலி குரூப்புல நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“எதுக்குளா? அண்ணன் சங்கடப்படுவாரு. ஒங்கிட்ட வேணா சாரி சொல்லிருதேன்.”

பழி போட்டது பத்துப் பேர் நடுவில், ஸ்பீக்கரில். மன்னிப்பு மட்டும் என் காதுக்குள்ளே! அவர் அனுப்பிய குரலை அப்படியே குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். கட்டியின் படத்தையும் சேர்த்து. எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று போன் காட்டியது. ஒரு மணி நேரம் கழித்து மூத்தார் எழுதினார், ‘சின்ன விஷயம். தம்பி நல்லதுக்குத்தான் செய்திருக்கிறான்.’ அதன் கீழேயே, பெரியதாழையில் புதுநன்மைப் பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கால் என்றால் சாவியைக் கொடு. கை என்றால் சின்ன விஷயம். இத்தனைக்கும் இந்தக் கால் ஒன்றும் செய்யவில்லை, அந்தக் கை செய்திருக்கிறது. போனைத் தூக்கி எறியப் போனேன். புதுப் போன். வைத்துவிட்டேன்.

பெரியதாழைப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு, அக்காவின் தங்கை மகளுக்கு. மூத்தார் முந்தின நாள் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. “வண்டிச் சாவியக் குடு. நாங்க காலம்பற போய்ட்டு வந்துருதோம்” என்றார்.

“நானும் வாரேம்லா அத்தான். நானே ஓட்டுதேன்” என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் எடுக்கவில்லை. சரி என்று போய்விட்டார்.

மறுநாள் அவர் என் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்தார். அக்கா பின்னால். திருச்செந்தூர் தாண்டிக் கடற்கரையோரமாகப் பெரியதாழை வரைக்கும் நல்ல ஓட்டம், வெயிலும் நன்றாக ஏறியிருந்தது. வழியெல்லாம் அவர் கண் கடலிலும் இல்லை, ரோட்டிலும் இல்லை. என் இடது காலில் இருந்தது. நான் அதை மடக்கவில்லை. வைக்க வேண்டிய இடத்தில், தரையில், அகலமாக வைத்துக்கொண்டேன்.

கோயில் மைதானத்தில் நிறுத்தினேன். அவர் முதலில் இறங்கினார். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை வண்டிக்கு அடியில் விட்டு, நிதானமாகப் பார்த்தார். மணல் வெள்ளையாக இருந்தது. நிமிர்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

“பரவால்லியே,” என்றார். “இப்பத்தான் கால ஒழுங்கா வச்சி ஓட்டப் படிச்சிருக்க.”

நான் வண்டியைப் பூட்டினேன். “ஆமா அத்தான்,” என்றேன். “ஒங்க தம்பி கைய எடுத்தாரு, என் காலு சரியாயிட்டு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். புரிந்ததோ இல்லையோ தெரியாது. அக்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முதல் மணி அடித்து முடிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.